விரல் விழுந்த வசனம்

காலையில் கண் திறந்தால் கைபேசியில் ஒரு ரோஜாப்பூ நிற்கிறது. ரோஜாவின் மேல் பனித்துளி, அதற்குக் கீழே ஒரு வேத வசனம். அனுப்புகிறவள் என் தம்பியின் மருமகள். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும், தப்பித்திருக்க மாட்டீர்கள். போன வாரம் அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் கிறிஸ்மஸ் பலகாரம் யார் வீட்டில் சுடுவது என்று ஒரு வாய்ச்சண்டை. மறுநாள் காலை ரோஜாவின் கீழே வந்த வசனம் நாக்கை அடக்கத் தெரியாதவர்களைப் பற்றியது. பேர் கிடையாது. பேர் எதற்கு? குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அது யாருக்கென்று தெரியும். நாத்தனார் சும்மா இருப்பாளா? சாயங்காலம் அவள் பங்குக்கு ஒரு சூரிய அஸ்தமனமும், அதன்மேல் மாயக்காரரை, அதாவது வேஷம் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வசனமும் வந்தது. இரண்டுக்கும் எல்லாரும் கைகூப்பிய படம் போட்டு ஆமென் சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்லவில்லை. பெரியத்தைக்கு வயது போகப்போக விசுவாசம் குறைகிறது என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். வசனத்தைப் பொறுக்கியெடுத்து அடுத்தவர் தலையில் போடுகிறவர்களில் ஒரு பெரிய வாத்தியாரையே பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவருக்கு முன்னால் இந்தப் பிள்ளைகளெல்லாம் பாலர் வகுப்பு.

எழுபதுகளின் நடுவில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன். தோட்டத்தின் பேரை விடுங்கள், இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பரீட்சை பாஸ் பண்ணிய பெருமை, ஒரு புதுக் குடை, குதி உயர்ந்த செருப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் கால் வைத்ததும் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். எதிரே வந்த பெண்கள் சிரிக்காமல் தூக்கிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காத தூரம் போன பிறகு சிரித்தார்கள், சத்தம் கேட்டது.

அந்தப் பெண்களின் கம்பளி வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற கறுப்புக் கம்பளி, நனைந்தால் ஆட்டு மந்தை மாதிரி நாறும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னக் கோயிலுக்குள்ளும் அதே வாசம்தான். தகரக் கூரை, ஓதம் ஏறிய சுவர், பெண்களுக்குப் பாய், ஆண்களுக்கு வாங்கு. ஓரமாய் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், டீச்சராம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மெதுவாய்ச் சரியும், அதனால் அந்தக் கோயிலில் நான் முழுசாய்க் கண்ணை மூடி ஜெபித்ததே கிடையாது. பல விஷயங்களைப் பார்த்துவைத்ததற்கு அதுதான் காரணம்.

கோயிலுக்கு மூப்பர் சாலமோன் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளை என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவார், பிறகு கொழுந்து எடுக்கும் பெண்களின் பின்னால் நின்று அதட்டுவார். ஞாயிறானால் அதே மனிதர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டு, கக்கத்தில் வேதாகமத்தோடு வந்து நிற்பார். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து வருவார், மழையென்றால் வரமாட்டார். அங்கே மழை எப்போது விட்டது? ஆகவே சபை சாலமோன் கையில்தான். பேர்தான் சாலமோன், ஞானம் அந்தப் பேரோடு நின்றுபோய்விட்டது.

வாரம் முழுக்க அவருக்கு வசனம் வேண்டும். பெரட்டுக்குப் பிந்தி வருகிற பெண்ணிடம் எறும்பைப் பார்த்துப் புத்தி படித்துக்கொள் என்பார். அவளோ விடியமுன்னம் எழும்பி, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தவள். எறும்புக்குப் பிள்ளை மடுவம் உண்டா என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. சங்கத்து ஆட்கள் சம்பளம் பற்றிக் கூட்டம் போட்டால், வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லிப் பவுல் எழுதியதை எடுப்பார். கொஞ்சம் கீழே போனால் அதே பவுல் எஜமான்களையும் பிடித்து ஒரு வாங்கு வாங்கியிருக்கிறார். அந்த இடம் வரும்போது சாலமோனுக்கு இருமல் வந்துவிடும்.

பஞ்ச காலத்துக் கதையை நான் போய்ச் சேர்ந்த புதிதில் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். மா கிடைக்காமல், பாண் வாங்கப் போலிமில், நீள வரிசையில், நின்று வெறுங்கையோடு திரும்பி, மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்ற காலம். ஒவ்வொரு லயத்திலும் சாவு விழுந்ததாம். அந்த நாளில் ஒரு ஞாயிறு இந்த மனிதர் எழும்பி நின்று, மனுஷன் அப்பத்தினால் மட்டும் பிழைப்பதில்லை என்று பிரசங்கம் பண்ணியிருக்கிறார். பசி மயக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கோயிலுக்குப் பின்னால்தான் அவர் வீடு. கூட்டுறவுக் கடையில் அவருடைய மச்சான். பிரசங்கம் நடக்கும்போதே அவர் வீட்டுக் குசினியிலிருந்து தேங்காய் போட்டுச் சுட்ட ரொட்டி வாசம் கோயிலுக்குள் வந்ததாம். இதை எனக்குச் சொன்னவள் ரெபேக்காம்மா. சொல்லிவிட்டு, "அந்த வாசத்துக்கு நாங்க ஆமென் சொன்னோம் டீச்சரம்மா" என்றாள்.

ரெபேக்காம்மாவைச் சொல்லவேண்டும். மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், கோயிலுக்குப் பக்கத்து லயத்தில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தவள். தோட்டத்தில் பாதிப் பேர் அவள் கையில் மூக்குச் சிந்தியவர்கள்தான். சாலமோனும் அதில் ஒருத்தர். ஊரே கணக்கப்பிள்ளை ஐயா என்கையில் அவள் மட்டும் சாலமோனு என்பாள். அவர் காதில் விழாத மாதிரி போய்விடுவார். வேறென்ன செய்வது, கழுவிவிட்ட கையாச்சே.

அவளுக்கு ஒரே மகன், அருள்ராஜ். மலையில் வேலை செய்வான், சாராயம் குடிப்பான், குடித்தால் பெண்டாட்டியை அடிப்பான். பெண்டாட்டி சுசீலா கீழ்க்கணக்குப் பெண், மாரியம்மன் கும்பிடுகிற குடும்பம். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தாள். சாராள் என்று பேரும் வைத்தார்கள், அந்தப் பேரால் அவளை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாய் மலைக்குப் போனால் குழந்தை மாமியாரின் இடுப்பில்தான்.

மாமியாரும் மருமகளும் அப்படியே உருகிப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரெபேக்காம்மாவுக்கு வாய் என்றால் வாய். ஈர விறகு, உப்புக் கூடின சொதி, குழந்தையின் தலையில் பேன், எதற்கும் திட்டுத்தான். என் அறை அந்த லயத்துக்கு மேலே இருந்தது. காலையில் சேவல் கூவுகிறதோ இல்லையோ ரெபேக்காம்மா கூவிவிடுவாள். சுசீலாவும் லேசுப்பட்டவள் இல்லை, முணுமுணுத்துக்கொண்டே பானையை டங்கென்று வைப்பாள். லயமே காது கொடுத்துக் கேட்கும்.

அடி விழுந்த மறுநாள் சுசீலா கோயிலுக்கு வந்து அழுதால் சாலமோன் விரல் வைப்பார். அது எங்கள் கோயிலில் இருந்த ஒரு வழக்கம், வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வழக்குள்ளவர்கள் மேசைக்கு முன்னால் நிற்கவேண்டும். மூப்பர் கண்ணை மூடி, வேதாகமத்தை விரித்து, விரலை ஒரு இடத்தில் வைப்பார். விரல் விழுந்த வசனம்தான் தீர்ப்பு, கர்த்தரே சொன்ன மாதிரி. அதற்கு மேல் பேச்சில்லை. சுசீலாவுக்கு எப்போதும் மனைவிகள் கீழ்ப்படியச் சொல்கிற இடம்தான் விழும். சபைக்கு மெய்சிலிர்க்கும், ஆவியானவர் தவறாமல் அங்கேயே கொண்டுபோய் விடுகிறாரே என்று. எனக்கும் முதலில் சிலிர்த்தது, ஏன் பொய் சொல்ல. பிறகு ஒரு நாள் மேசை துடைக்கிற சாக்கில் அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தேன். முதுகு உடைந்து அந்தப் பக்கத்தில் தானாய் விரிந்தது. ஓரமெல்லாம் கட்டைவிரல் எண்ணெய்க் கறுப்பு. மற்றப் பக்கங்கள் கடையில் வாங்கின மாதிரி பளிச்சென்று இருந்தன.

அந்த நாளில்தான் இந்தியா போகிற பேச்சு எல்லா லயத்திலும் நடந்தது. இரண்டு அரசாங்கமும் நம்மைக் கேட்காமல் நம்மைப் பங்கு போட்டுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். சிலருக்கு இந்தியப் பிரஜாவுரிமை, சிலருக்கு இலங்கை, ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று. அருள்ராஜுக்கு இந்தியா வந்துவிட்டது. பெண்டாட்டி, பிள்ளை, தாய் எல்லாருக்கும் சேர்த்துத்தான். சுசீலாவின் தாய் வீட்டாருக்கு இங்கேதான். அவள் வரமாட்டேன் என்றாள். இந்தியா என்று வந்தும் போகாமல் நின்றவர்கள் அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். இவன் சாதாரணமாய்ச் சொல்லிவிட்டான், வராட்டி இரு, பிள்ளையைக் கொண்டுபோகிறேன், எங்கம்மா பார்த்துக்கொள்வாள் என்று.

சுசீலாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். போனால், குடித்துவிட்டு அடிக்கிறவனோடு முகம் தெரியாத ஊரில் தனியாய் இருக்கவேண்டும். போகாவிட்டால் குழந்தை இல்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது கண்ணீர் வழியுமாம், கங்காணி பார்க்காமல் கம்பளியில் துடைத்துக்கொள்வாளாம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள், சட்டத்தில் வழி இருக்கா டீச்சர் என்று. எனக்குச் சட்டம் தெரியாது. இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு என்ன சட்டம் தெரியும்? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாலமோனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அக்கறை இருந்தது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம். அருள்ராஜின் காம்பரா கோடியில் இருந்தது, காற்றும் வெளிச்சமும் உள்ளது, பின்னால் மரக்கறி போட ஒரு துண்டு நிலம். சாலமோனின் மூத்த மகள் கலியாணம் கட்டி, புருஷனோடு தகப்பன் வீட்டு விறாந்தையில் இருந்தாள். அருள்ராஜ் தனியாய்ப் போனால் சுசீலாவுக்கும் தோட்டத்தில் பேர் இருக்கிறது, காம்பரா அவளுக்கே நிற்கலாம். குடும்பமாய்ப் போனால் காலி. அதனால் குடும்பம் பிரியக்கூடாது என்று சாலமோனுக்கு ஒரு பெரிய பாரம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு சுசீலாவை மேசைக்கு முன்னால் நிறுத்தி விரல் வைத்தார். இந்தத் தடவை விழுந்தது ரூத்தின் புத்தகம். நீங்கள் போகிற இடத்துக்கு நானும் வருவேன், உங்கள் ஜனமே என் ஜனம் என்று ரூத் சொல்கிற இடம். கலியாணத்துக்குக் கலியாணம் வாசிப்பார்கள், எல்லாருக்கும் மனப்பாடம், பெண்டாட்டி புருஷனுக்குச் சொன்னது என்றுதான் அங்கே அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். சபை கலங்கிவிட்டது. நான் குட்டைக்கால் நாற்காலியிலிருந்து பார்த்தேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் டிக்கட் நழுவிக் கீழே விழுந்தது. ரூத் நாலு அதிகாரம், பாவம், கண்ணை மூடித் தேடினால் கிடைக்காது. ஆவியானவர் ஹட்டன் பஸ்ஸில் டிக்கட் எடுத்து வந்திறங்கியிருந்தார். அடுத்த ஞாயிறு இதே வார்த்தையைப் புருஷன் முன்னால் சொல்லி அறிக்கை பண்ணவேண்டும், இல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது என்று சுசீலாவுக்குக் கட்டளை ஆனது.

அந்த வாரத்தில் ஒரு மழை மத்தியானம் ரெபேக்காம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிட்டு, அந்த ரூத்துக் கதையை முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்தேன். ஊரில் பஞ்சம் வந்து நகோமி என்கிறவள் புருஷனோடும் இரண்டு மகன்களோடும் வேறு தேசத்துக்குப் போகிறாள். போன இடத்தில் புருஷன் சாகிறான். மகன்கள் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டுகிறார்கள், பிறகு அவர்களும் சாகிறார்கள். ரெபேக்காம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"போன எடத்துல எல்லாம் போச்சா? இத ஏன் சாலமோனு கோயில்ல சொல்லல?"

அவர் அந்தப் பக்கம் வாசித்திருக்க மாட்டார் என்றேன். மேலே வாசித்தேன். நகோமி சொந்த ஊருக்குத் திரும்புகிறாள், வேற்று ஜாதி மருமகள் ரூத் அவள் பின்னாலேயே போகிறாள், போகிற இடத்துக்கு வருவேன் என்று சொல்கிறாள். ரெபேக்காம்மா கையை நீட்டி நிறுத்தினாள். புருஷன்தான் செத்துவிட்டானே, அப்புறம் யாரிடம் சொல்கிறாள் என்று கேட்டாள். மாமியாரிடம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெற்றிலைச் சாறு தெறிக்கத் தெறிக்கச் சிரித்தாள், குழந்தையும் சேர்ந்து சிரித்தது. கண்ணைத் துடைத்துவிட்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அதைச் சொன்னாள்.

"எம்புருசனும் இவன் மாதிரித்தான் டீச்சரம்மா. அடிச்சான்னா நான் பக்கத்து லயத்துக்கு எங்கம்மா வீட்டுக்கு ஓடிருவேன். இவ அங்க எங்க ஓடுவா? கடல்லயா?"

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டு, சாயம் பத்தவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. அன்றைக்கென்று கோயில் நிறைந்திருந்தது. சாலமோனின் மகளும் மருமகனும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள், புதுக் காம்பராவுக்கு அளவெடுக்கிறவர்கள் மாதிரி. அருள்ராஜ் குளித்து எண்ணெய் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுசீலா மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள். சாலமோன் வசனத்தைச் சொல்லிக்கொடுத்து, சொல்லும்மா என்றார். அவள் வாய் திறக்கவில்லை. மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை மலையில் அதட்டுகிற குரல் கொஞ்சம் வந்துவிட்டது. அப்போது பாயிலிருந்து ரெபேக்காம்மா, குழந்தையோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"சாலமோனு, அந்தப் பொண்ணு இத மாமியாகிட்டத்தான சொன்னா? இங்க மாமியா நான். நான் போகல. அப்ப இவ எங்க வரணும்?"

சாலமோன் பக்கங்களைப் புரட்டினார். ரெபேக்காம்மா அவரைப் பார்க்கவும் இல்லை, மகனிடம் திரும்பினாள்.

"நீ போடா. நான் பாத்துக்குவேன்னு தான புள்ளயக் கேட்ட? நான் இவகூட இருக்கேன். புள்ளையும் இங்கதான்."

அவ்வளவுதான். கத்தவில்லை. தினமும் காலையில் கூவுகிற வாய் அன்றைக்கு இவ்வளவு தாழ்வாய்ப் பேசியதுதான் எனக்கு ஆச்சரியம். அருள்ராஜ் தாயைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். குழந்தை பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப் போயிருந்தது. பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தனியாய்த் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற அவனுக்கு எங்கே தெரியும்? அது அவனுக்கே விளங்கிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். சுசீலா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு சாலமோன் வெட்கப்பட்டுத் திருந்தினார் என்று நான் எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அந்த ஜாதிக்கு வெட்கம் ஏது? அடுத்த ஞாயிறு யேசபேலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார், புருஷனைக் கெடுத்த பொல்லாத ராணி. அதற்கடுத்த வாரம் தோட்டத்து ஆபீசான கந்தோருக்குப் போய் என்ன ஓதினாரோ, காம்பரா அருள்ராஜ் பேரில் இருந்தது, அவன் போனால் அது காலி என்று துரை சொல்லிவிட்டார். சுசீலாவுக்கு வேறு காம்பரா பிறகு பார்க்கலாமாம். அந்தப் பிறகு வரவே இல்லை. சாலமோனின் மகள் பாயும் பெட்டியுமாய்க் குடிவந்தாள், வாசலுக்கு மேலே நானும் என் வீட்டாரும் கர்த்தரையே சேவிப்போம் என்று எழுதி ஒட்டினார்கள். நான் அந்த வாசலைத் தாண்டித்தான் தினம் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அருள்ராஜ் கோச்சி ஏறிய நாள் தலவாக்கலை ஸ்டேசனுக்கு நானும் போயிருந்தேன். இந்தியாவுக்குப் போகிறவர்களின் கோச்சி என்றால் ஸ்டேசன் முழுக்க ஒப்பாரிதான். ரெபேக்காம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கோச்சி அசைந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. பெற்ற மகன்தானே. பெண்டாட்டியை அடிக்கிறவன் என்றால் தாய்க்கு வலிக்காதா? சுசீலாதான் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். வழியெல்லாம் மெதுவாக நடக்கத் தெரியாதா என்று அவளுக்குத் திட்டு விழுந்தது.

காம்பரா போனதால் இரண்டு பேரும் கீழ்க்கணக்குக்கு, சுசீலாவின் தாய் வீட்டுக்குப் போனார்கள். ஏற்கெனவே நெரிசலான காம்பரா. சாக்கை மறைப்பாய்க் கட்டி ஒரு மூலையைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மாரியம்மன் படம், மறுபக்கம் ரெபேக்காம்மாவின் சிலுவை. சம்பந்திக்காரியோடு அவளுக்கு ஒத்துப்போனதா என்றால், அங்கேயும் விறகுக்கும் உப்புக்கும் சண்டைதான். ஆடி மாதம் அவர்கள் கூழ் காய்ச்சினால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு கோப்பை வாங்கிக் குடிப்பாள்.

சாலமோனுக்கு அது போதுமாயிருந்தது. அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதிருங்கள் என்ற வசனத்தை எடுத்து, விக்கிரக வீட்டில் சாப்பிடுகிறவளுக்குத் திருவிருந்து இல்லை என்றார். ரெபேக்காம்மா அதற்குப் பிறகும் ஏற்றம் ஏறிக் கோயிலுக்கு வந்தாள். அப்பமும் ரசமும் அவள் பாயைத் தாண்டிப் போகும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் விசாரிப்பதாய்ச் சொன்னார். மழை, வரவில்லை. அன்றிலிருந்து நானும் அந்தத் தட்டைக் கையால் தள்ளிவிடத் தொடங்கினேன். ஒருத்தருக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை. நாற்காலி சரிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஹட்டன் பக்கம் மாற்றல் வர இருந்த சமயம், ரெபேக்காம்மா நெஞ்சுச் சளியில் படுத்து இறந்துபோனாள். கோயில் தோட்டத்தில் அடக்கம் பண்ண இடம் தரமாட்டேன் என்றார் சாலமோன். கழுவிவிட்ட கைக்கு ஒரு குழி மண் இல்லை. கீழ்க்கணக்கு ஆட்கள் அவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. தப்பு அடித்து, பாடை கட்டி, அவர்கள் ஆட்களைப் புதைக்கிற சரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெபம் பண்ண ஆள் இல்லை, டீச்சர் நீங்க பண்ணுங்க என்றார்கள். நான் கண்ணை மூடினேன், எனக்கு எந்த வசனமும் வாய்க்கு வரவில்லை. ஆண்டவரே, இவளைப் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன். சுசீலாவின் தகப்பன் சூடம் கொளுத்தினார். தேயிலைக் குச்சி இரண்டை வைத்துக் கட்டி சுசீலா ஒரு சிலுவை நட்டாள்.

இப்போது அங்கே ஒன்றுமில்லை. கோயிலை இடித்துவிட்டு ஒலிபெருக்கியோடு ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். விரல் வைக்கிற வழக்கம் சாலமோனோடு போய்விட்டது, அது போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. பிள்ளை மடுவத்துக்கு வேறு பேர், வேறு கட்டடம். அந்த அழுகைக் கோச்சியும் கப்பலும் நின்று எத்தனையோ காலம். அருள்ராஜ் நீலகிரிப் பக்கம் எங்கேயோ இருந்தான் என்றார்கள், பிறகு அந்தச் சேதியும் இல்லை.

போன வருசம் தலவாக்கலையில் சுசீலாவைப் பார்த்தேன். மகளோடு இருக்கிறாள். அந்த மகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், பேரப்பிள்ளைகள் இரண்டு. சுசீலாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தோட்டத்துக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் த்ரீவீலர் பிடித்துப் போனோம். அந்தச் சரிவை வெட்டித் திருத்திப் புதுத் தேயிலை நட்டிருந்தார்கள், நிரை நிரையாய் இடுப்பளவுக்கு நின்றது. மேட்டுக்கும் குழிக்கும் அடையாளம் இல்லை. எந்த இடம் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் பார்த்தாள், கையை நீட்டினாள், பிறகு கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னயத் திட்டாத நாளில்ல டீச்சர். ஆனா ஒரு நாளும் வசனம் சொன்னதில்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப திட்டவும் ஆளில்ல."